கலியன் மூடிய கிணறு

மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவில் கலியன் வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாம், நடையைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். முன்காலை வைத்து, மண் தாங்குகிறதா என்று ஒரு கணம் பார்த்து, பிறகுதான் பின்காலை எடுப்பான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காண்ட்ராக்ட் ஆட்கள், "தரைக்கு வலிக்காம நடக்குறான்டா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனிதன் பாம்புக்குப் பயப்படலாம், பேய்க்குப் பயப்படலாம், மாமியாருக்குக்கூடப் பயப்படலாம். ஊர் ஒன்றும் சொல்லாது. கலியன் தரைக்குப் பயந்தான். அதற்குப் பயந்தவன் எங்கே போய் ஒளிய முடியும்?

பிறக்கும்போதே வந்த பயமில்லை அது. இப்போது நெய்வேலி டவுன்ஷிப்பாகிவிட்ட ஊர்களில் ஒன்றில், அடுத்தவன் வயலில் கூலி வேலை செய்கிற வீட்டில் பிறந்தவன் கலியன். ஐம்பத்தொன்றாம் வருஷம், இருபது வயதில், சாமிக்கண்ணு என்ற கூட்டாளியோடு கோடியக்கரைப் பக்கம் கள்ளத்தோணி ஏறி யாழ்ப்பாணம் போனான். அங்கே புகையிலைத் தோட்டங்களில் கிணறு வெட்டுகிற வேலை கிடைத்தது. ஊரெல்லாம் ரத்தச் சிவப்பில் செம்மண். மூன்று நான்கு அடி தோண்டினால் மண் முடிந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அந்தக் கல் ஒழுங்கான கல்லும் இல்லை. உள்ளே ஓட்டையும் சந்துமாக, சில இடத்தில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து இருக்கும்.

தோட்டத்துக்காரர் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார்: "இந்தச் செம்மண் எங்கையிருந்து வந்ததெண்டு நினைக்கிறாய்? கல்லை மழை கரைச்சுப் போட்டுது. கரையாமல் மிஞ்சினதுதான் இது." சாமிக்கண்ணு அதைக் கேட்டுவிட்டு மறந்துவிட்டான். கலியன் மறக்கவில்லை. செம்மண் இருந்தால் கீழே கல் செத்துப்போச்சு என்று அர்த்தம். அவன் மனசில் அது அப்படித்தான் பதிந்தது.

அங்கே கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வேலை தொடங்கும் முன் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்திக் காது கொடுப்பார்கள். 'டக்' என்றால் கெட்டி. 'தொம்' என்றால் கீழே வெற்றிடம். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதம், எட்டு மாதமாக மழை இல்லாத வறட்சியில், தோட்டத்துக்காரர் புதிதாக வாங்கின மிஷினை வைத்து மூன்று நாள் விடாமல் தண்ணீர் இறைத்தார். நான்காம் நாள் காலையில் அவசரம். யாரும் தரையைத் தட்டிப் பார்க்கவில்லை. கிணற்றடியில் மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற சாமிக்கண்ணு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டே இடுப்புவரை மண்ணில் இறங்கினான். அப்புறம் மார்புவரை. "கலியா" என்று ஒரு தரம் கூப்பிட்டான். பத்தடி தள்ளி நின்ற கலியனுக்குக் காலைத் தூக்க முடியவில்லை. சாமிக்கண்ணு போன பிறகும் சுற்றியிருந்த செம்மண் அந்தக் குழிக்குள் தண்ணீர் மாதிரி வழிந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

அந்த மாதமே கலியன் ஊருக்குத் திரும்பினான். திரும்பி வந்தால் ஊரே இல்லை. நிலக்கரி எடுக்க நிலம் எடுத்துவிட்டார்கள், வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள், காலி பண்ணினவர்கள் மந்தாரக்குப்பத்தில் குடிசை போட்டிருந்தார்கள். இடித்த இடத்திலெல்லாம் தரை சிவப்பாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த மண்தான். அப்போது அது வெறும் மண். இப்போது கலியன் ஒவ்வொரு அடியாகச் சோதித்துத்தான் அதில் கால் வைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கலியன் கண்ணுக்குச் சிவந்ததெல்லாம் பேய்.

ஐம்பத்தெட்டில் மாணிக்கம்மாளைக் கட்டினான். கட்டின கையோடு இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது: குவார்ட்டர்ஸ் கட்டப்போகிற இடத்தில் பழைய ஊர்க் கிணறுகளை மண் போட்டு மூடுவது. ஒரு சின்ன காண்ட்ராக்ட்காரரின் வேலை. மேஸ்திரி காலையில் இடத்தைக் காட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் வந்து பார்ப்பார். கிணறு வெட்டினவனுக்குக் கிணறு மூடுகிற வேலை என்று மாணிக்கம்மாள் சிரித்தாள். அவளுக்குப் புருஷனின் பயம் அப்போது முழுசாகத் தெரியாது.

பதினொரு கிணறு. எட்டாவது கிணற்றில்தான் வினை. ஆறடி அகலம், நாற்பத்தைந்து அடி ஆழம், அடியில் தண்ணீர். இருபது வண்டி மண்ணைக் கொட்டிப் பாதிக் கிணறு நிரம்பியதும் போனார்கள். மறுநாள் காலையில் வந்து கலியன் எட்டிப் பார்த்தான். மண் மட்டம் நாலடி கீழே போயிருந்தது. இன்னும் ஐந்து வண்டி கொட்டினார்கள். மறுநாள் அதுவும் இறங்கியிருந்தது. கீழே கல் செத்துக் கிடக்கிறது, பொந்து வழியாக மண் போகிறது, இன்னும் கொட்டினால் கிணற்றோடு சுற்றியுள்ள தரையும் தன்னையும் மாணிக்கம்மாளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அவன் அப்படித்தான் நம்பினான். சத்தியமாக நம்பினான். அதனால் அந்த விளிம்பில் இன்னொரு நாள் நிற்க அவனால் முடியவில்லை.

பக்கத்தில் வெட்டிப் போட்ட பனைகள் கிடந்தன. அடிமரத்தை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வைரம் பாயாத நுனித்துண்டுகள்தான் மிச்சம். கிணற்றுக்குள் ஐந்தடி ஆழத்தில் கட்டுச்சுவர் முடிகிற விளிம்பில், ஏழு துண்டைக் குறுக்கே அடுக்கினான். மேலே பனையோலையைப் பரப்பி மண்ணைப் போட்டு மிதித்தான். "அஞ்சடி மண்ணு இருக்குதே, போதாதா?" என்றாள் மாணிக்கம்மாள். சாயங்காலம் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த வருஷம் அங்கே மரங்களை எடுத்து, மேடு பள்ளத்தைச் சமமாக்கி, ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். பன்னிரண்டு வீட்டுத் தெரு ஒன்று அந்த எட்டாவது கிணற்றின் பக்கமாகப் போனது. எந்த வீட்டின் கீழே என்று கலியனுக்கே அடையாளம் தெரியவில்லை. வாதாமரம் இருந்த இடம், களம் இருந்த இடம், எல்லாம் போய்விட்டது. அந்தத் தெருப் பக்கமே அவன் போகாமல் சுற்றிப் போனான்.

அறுபத்தொன்றில் சுரங்கத்துக்குக் கீழேயிருந்து தண்ணீரை ராப்பகலாக இறைக்க ஆரம்பித்தார்கள். இறைக்காவிட்டால் கீழ்த்தண்ணீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு வந்துவிடும் என்றார்கள். கலியனுக்கு மூன்று நாள் ஓடின ஒரு மிஷின் ஞாபகம் வந்தது. இங்கே எத்தனை மிஷின்! நெய்வேலி முழுக்க ஒருநாள் இறங்கப்போகிறது என்று அவன் முடிவே கட்டிவிட்டான். அதில் அவனுக்கு ஒரு கெட்ட ஆறுதலும் இருந்தது. எல்லாமே போகப்போகிறதென்றால் எட்டாவது கிணறு தனியாக ஒரு பாவமா?

அறுபத்துநாலில் அவனுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் எடுபிடி வேலை. தோண்டின இடத்திலிருந்து மண்ணைப் பெட்டியில் எடுத்து வருவது, காயவைப்பது, சலிப்பது. அங்கே தெய்வசிகாமணி என்ற படித்த பையன் இருந்தான், இருபத்தாறு வயது, பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். அடுத்த வாரம் permanent பட்டியல் வருகிறது, கலியன் பேரும் அதில் இருக்கிறது என்று அவன்தான் சொன்னான். permanent ஆனால் குவார்ட்டர்ஸ். குழாய்த் தண்ணீர், ஒழுகாத கூரை. மாணிக்கம்மாள் அதற்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கலியனுக்கோ செம்மண்ணுக்கு மேல் சிமென்ட் வீட்டில் படுப்பதை நினைத்தாலே வேர்த்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் மாதிரிகள் வந்திருந்தன. தெய்வசிகாமணி ஒரு துண்டைக் கண்ணாடிக் குவளையில் போட்டு ஆசிட் ஊற்றினான். நுரை பொங்கியது. பொங்கி அடங்கியபோது கல் இல்லை. அடியில் ஒரு சிட்டிகை சேறு, செம்பழுப்பு நிறத்தில்.

கலியன் கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தான். "ஐயா, இதாங்க செம்மண்ணு."

"அட, உனக்கு எப்படித் தெரியும்?" தெய்வசிகாமணிக்கு உற்சாகம். "மழைத்தண்ணி லேசான புளிப்பு. சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்துக்கிட்டுப் போயிடும். கல்லுல இருக்கிற களியும் இரும்பும் கரையாது, தங்கிடும். காத்துல வர தூசியும் அதோட சேரும். மழைக்காலம் போனதும் மாசக்கணக்கா வெயில் காயுற ஊரா இருந்தா அந்த இரும்பு துருப்புடிச்சு செவந்துடும். ஒரு அடி மண்ணு சேர முப்பது நாப்பது அடி கல்லு கரையணும். எத்தனை ஆயிரம் வருசமோ."

ஏழு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கலியன் கேட்டான். "நம்ப நெய்வேலிக்குக் கீழ அந்தக் கல்லு எத்தினி அடியில இருக்குதுங்க?"

"இங்கயா?" அவன் சிரித்தான். பெட்டியிலிருந்து நெய்வேலிச் செம்மண்ணைக் கொஞ்சம் தட்டில் கொட்டி அதே ஆசிட்டை விட்டான். கலியன் குனிந்து பார்த்தான். ஒரு குமிழ்கூட வரவில்லை. மண் நனைந்தது, அவ்வளவுதான். "பாத்தியா? சுண்ணாம்பு கிடையாது. இது மணல்கல்லு மேல வந்த மண்ணு. செவப்பு அதே துருதான், ஆனா மணல் கரையாது. பொந்து விழாது. தண்ணி இறைக்கிறதால குகை வெடிச்சு ஊரு உள்ள போயிடும்னு கடைத்தெருவுல பேசிக்கிறானுங்களே, அதெல்லாம் சும்மா."

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். கலியனுக்கு மூச்சு நின்றது. "அப்பிடீன்னா ஐயா, ஒரு கெணத்துல மண்ணைக் கொட்டுறோம். காலைல பாத்தா நாலடி எறங்கிப் போவுது. அந்த மண்ணு எங்கப் போவுது?"

"எங்கயும் போகாது. தண்ணிக்குள்ள போட்ட புதுமண்ணு ஊறி அமுங்கும். இன்னும் இருபது வண்டி போட்டா நின்னுடும்."

இருபது வண்டி. இரண்டு நாள் வேலை. கலியன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் அவன் பயந்த பொந்து நெய்வேலியில் எங்கேயும் இல்லை. இருக்கிறது ஒன்றே ஒன்று, அது அவன் செய்தது. அதன் மேல் யாரோ குடியிருக்கிறார்கள். பனை நுனி, ஆறு மழைக்காலம், கரையான்.

சாயங்காலம் மாணிக்கம்மாளிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருசமா நிக்குதில்ல? இன்னும் நிக்கும். அடுத்த வாரம் லிஸ்டு வருது. இப்பப் போயி வாயத் தொறந்தா நம்ப வூட்டு அடுப்புல நாமளே தண்ணி ஊத்திக்கிற கதை."

"மேல ஆளுங்க இருக்குறாங்கடி."

"இருக்கட்டும். நீதான் ஊரே உள்ள போவும்னு சொல்லிகினு இருந்த. அப்ப மட்டும் யாருமில்லியா மேல?"

கலியன் எழுந்து கடப்பாரையை எடுத்துக் கதவோரம் சாய்த்தான். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பது சரியான பேச்சு. இத்தனை நாள் தரையைப் பார்த்துப் பயந்தான். இனி தன் கையைப் பார்த்தாலே பயம்.

மறுநாள் காலை எட்டு மணி சங்கு ஊதினதும், ஷிப்டுக்கு ஆண்கள் போன பிறகு, கலியன் கடப்பாரையோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்தான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். "தரை செக்கிங் அம்மா" என்றான். அவன் சட்டையிலிருந்த கம்பெனி பில்லையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துக் கூடத்தில், சமையலறையில், பின்கட்டில் குத்திக் காது கொடுத்தான். டக். இரண்டாவது வீட்டிலும் டக். மூன்றாவது வீட்டுக்காரி, "என்னாய்யா, புதையலா தேடுற?" என்றாள். ஒன்பதாவது வீடுவரை டக். ஒருவேளை தெருவுக்கு நடுவிலோ சாக்கடைக்குக் கீழோ இருந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு சபலம் வந்தது. சாமி கும்பிட்டான்.

பத்தாவது வீட்டில் ராஜாம்பாள் என்ற பெண் இருந்தாள். புருஷன் காலை ஷிப்டு. கூடத்து நடுவில் உத்தரத்திலிருந்து தூளி கட்டி ஐந்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கலியன் வாசற்பக்கம் குத்தினான், டக். தூளிக்கு அருகே வந்து மெதுவாகக் குத்தினான்.

தொம்.

அந்தச் சத்தம் அவன் கால்வழியாக ஏறிப் பல்லுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் அசையாத கால் இங்கேயும் அசையாமல் நின்றது. குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. கலியன் தன் தொடையில் தானே ஒரு குத்து விட்டான். ஒரே தாவலில் தூளித்துணியோடு குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"புள்ளையத் தூக்குறான்! புள்ளையத் தூக்குறான்!" என்று ராஜாம்பாள் அலறிக்கொண்டு பின்னால் வந்தாள். தெருவே கூடிவிட்டது. இரண்டு அடி விழுந்தது. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள போவாதீங்க, கீழ பொந்து இருக்குது" என்றான்.

அரை மணியில் குவார்ட்டர்ஸ் எஞ்சினியர் வந்தார். விஷயம் கேள்விப்பட்டுத் தெய்வசிகாமணியும் சைக்கிளில் வந்தான். தூளி தொங்கின இடத்தைச் சுற்றி நாலு பேர் சிமென்ட்டைப் பெயர்த்தார்கள். அடியில் மண் இரண்டடிகூட இல்லை. மிச்சம் எப்போதோ உள்ளே விழுந்திருந்தது. ஒருவன் ஓங்கிக் குத்தினான். கடப்பாரை கையைவிட்டுப் போனது. சத்தம் கேட்க நேரமாயிற்று. எஞ்சினியர் ஓரத்திலிருந்து ஒரு பனைத்துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். அது பொடியாக உதிர்ந்தது.

வெளியே வந்து அவர் கலியன் தோளைத் தட்டினார். "நீ இல்லைன்னா ஒரு உசுரு போயிருக்கும்யா. பேரு கலியன்தானே? லிஸ்டுல முதல் பேரா உன் பேர்தான் வரும்." பாக்கெட் நோட்டை எடுத்து எழுதினார். செய்தி கேட்டு மந்தாரக்குப்பத்திலிருந்து ஓடிவந்த மாணிக்கம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். புருஷனைப் பார்த்துக் கண்ணாலேயே, போதும், வா என்றாள்.

கலியன் வந்திருப்பான். அடித்த கை எல்லாம் இப்போது கும்பிட்டுக்கொண்டிருந்தது, இது போதாதா? ஆனால் தெரு கலையவில்லை. "கீழ பூரா கொடைஞ்சு கிடக்குதாம்" என்று யாரோ சொன்னார்கள். "தண்ணி இறைக்கிறாங்கல்ல, அதான்." பன்னிரண்டு வீட்டிலிருந்தும் பாய், தலையணை, குடம் எல்லாம் தெருவுக்கு வந்தன. அடுத்த தெருவிலும் கதவுகள் திறந்தன. கயிற்றுக் கட்டிலில் ஒரு கர்ப்பிணி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்று. "இங்க சுண்ணாம்புக்கல்லே கிடையாது, குகை விழாது" என்று தெய்வசிகாமணி தொண்டை கிழியக் கத்தினான். அவன் பேச்சை யார் கேட்டார்கள்? குழிதான் கண்ணுக்கு முன்னால் இருந்ததே.

ஒவ்வொரு முகமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை கலியனுக்குத் தெரியும். அதோடு சாப்பிட்டு, அதோடு படுத்து, அதோடு எழுந்தவன் அவன். எதிரிக்கும் அது வேண்டாம் என்று நினைத்தான். வேலை போகும், ஜெயில்கூட வரலாம், மாணிக்கம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது. எல்லாப் பயமும் இருந்தது. அதோடேதான் பேசினான்.

"வேற எங்கயும் இல்லீங்க. இது ஒண்ணுதான். இது பொந்து இல்ல, கெணறு. நான்தான் பனையப் போட்டு மூடுனேன். முழுசா மண்ணு போடலை. பயந்துட்டேன்."

எஞ்சினியர் நோட்டை மூடினார். "நாளையிலருந்து கேட்டுக்குள்ள வராதே. மத்ததை மேல சொல்றேன்" என்றார்.

ராஜாம்பாள் குழந்தையோடு அவனுக்கு நேராக வந்து நின்றாள். அடிப்பாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இந்தப் புள்ள தலையில கைய வச்சு சொல்லு," என்றாள். "வேற எங்கயும் இல்லன்னு சொல்லு."

கலியன் கையை வைத்தான். குழந்தை சிணுங்கியது. "வேற எங்கயும் இல்ல" என்றான்.

படித்தவன் பேச்சுக்கு அசையாத தெரு அந்த ஒரு சத்தியத்துக்கு அசைந்தது. முதலில் ஒரு குடம் உள்ளே போயிற்று. பிறகு பாய்கள். கர்ப்பிணி ஒரு காலைத் தரையில் வைத்தாள், பிறகு இன்னொன்றை. பதினொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டன.

தெரு காலியான பிறகுதான் கலியனுக்குச் சட்டென்று உறைத்தது. ஒன்பதாவது கிணறு. அந்த மூன்று நாளும் அவனுக்குக் காய்ச்சல், குடிசையில் படுத்திருந்தான். மாணிக்கம்மாள் தனியாகத்தான் மூடினாள். பச்சைக்குழந்தையின் தலையில் கை வைத்தாயிற்று, வீடுகளுக்குள் ஆட்கள் போயாயிற்று.

"மாணிக்கம்," என்றான், "அந்த ஒம்பதாவது கெணறு... நீ என்னாத்தப் போட்ட?"

அழுது வீங்கின கண்ணோடு அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். permanent போன ஆத்திரம், குவார்ட்டர்ஸ் போன ஆத்திரம், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"மண்ணைத்தான் போட்டேன்," என்றாள். "மேல வரைக்கும். எனக்கென்ன உன்ன மாதிரி பயமா?"